சிவப்பு மையில் இருபத்தாறு பெயர்கள்

“அங்க இருக்கறவன்லாம் நம்மளவிட வெவரமானவன். நீ போயி அவனுக்கு என்னாத்த சொல்லிக் குடுக்கப்போற? மூணே மாசம். பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிப்ப பாரு.”

நான் மலேசியா கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் என் தாய்மாமன் சொன்னது இது. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் நின்று சொன்னார். அம்மாவும் அப்பாவும் மண் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். 

மாமா அறியாமலே சொன்ன அந்த மூன்று மாதம் என் பணி ஆணையிலும் இருந்தது. ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில், ஆங்கில வழியில், அறிவியல் ஆசிரியை வேலை. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். பள்ளிக்குப் பிடித்தால் வேலை உறுதி, பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, காஞ்சிபுரத்தில் நான்கு வருடம் பாடம் நடத்தியவள். எனக்குத் தெரியாத எதை அங்கே கேட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிய வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். ஈப்போவில் சுண்ணாம்புக்கல் மலைகள் வீடுகளின் கொல்லைக்குப் பின்னால், சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. மதியத்துக்கு மேல் மழை வருகிறது. தினமும் வருகிறது. முதல் நான்கு நாளும் நான் நனைந்தேன். ஐந்தாம் நாள்தான் குடை வாங்கினேன். அன்று மழை வரவில்லை.

பள்ளி அலுவலகம் எனக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஊர்ப்பெயரைச் சொல்வேன். உடனே எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்குவார். மூன்றாம் நாள்தான் காரணம் புரிந்தது. பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன அர்த்தமோ, ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் அதே அர்த்தம்.

அதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். முதல்முறை பேருந்தில் ஏறியபோது கண்டக்டர் வந்து சீட்டுக் கொடுப்பார் என்று நேராகப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வண்டியை நகர்த்தாமல் இருந்தார். ஒரு மலாய் அம்மா என் தோளைத் தட்டி, முன்னால் போய்க் காசு கொடுக்கச் சொன்னார். பிறகு என் நிறுத்தத்தின் பெயரை யாராவது கூவுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூவவில்லை. என் நிறுத்தம் ஜன்னலில் தெரிந்து, பின்னால் போய், மறைந்தது. மருத்துவமனை வாசலில் பேருந்து நின்றது. நான் ஒருத்திதான் மிச்சம்.

“அக்கா, இங்கதான் கடைசி” என்றார் ஓட்டுநர், திரும்பிப் பார்த்து. “உள்ள யாரையாச்சும் பாக்க வந்தீங்களா, இல்ல நீங்களே சேரப் போறீங்களா?”

“நான் டீச்சர்” என்றேன் விறைப்பாக.

“டீச்சருங்களும் நெறைய பேரு உள்ள இருக்காங்க லா” என்றார். “எறங்கணும்னா நம்மதான் மணிய அமுக்கணும். யாரு ஒங்களுக்கு எடத்தக் கூவிக்கிட்டு வருவா?”

என் அறைத்தோழி கஸ்தூரி அந்த மருத்துவமனையில் தாதி. என் வயதுதான். நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலை என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், “மொதல்ல பசியாறு டீச்சர், அப்பறம் கோவப்படலாம்” என்றாள். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர். எங்கள் ஊரில் ‘சாப்ட்டியா’ என்பார்கள். அதில் சோறு இருந்ததா இல்லையா என்ற கேள்விதான் இருக்கும். ‘பசியாறிட்டியா’ என்று யாராவது கேட்டால் முதல் சில நாட்கள் ஆமாம் என்று இரண்டு முறை சொன்னேன். கல் மேல் விசிறிப் போட்ட ரொட்டி சானாய், பருப்புக் கறி, கெட்டிப்பாலில் இனிக்கும் கோப்பி. பக்கத்து மேசையில் சீனக் கிழவர் ஒருவர் அதே பருப்புக் கறியை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கடைக்காரரிடம் தமிழில் சட்னி கேட்டார். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது.

என் வகுப்பில் இருபத்தாறு பேர், எல்லோருக்கும் பதின்மூன்று வயது. இருபது பேர் சீனப் பிள்ளைகள். ஆங்கிலத்தில்தான் எல்லாம். ஆறாவது வாரம் முதல் தேர்வு வைத்தேன்.

சிவப்புப் பேனாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோது தினமும் என் நோட்டைப் பிரித்துப் பார்ப்பார். பக்கத்தில் சிவப்பு இருந்தால் வாத்தியார் பார்த்திருக்கிறார் என்று பொருள். இல்லாவிட்டால், “ஏன் ஒன்ன மட்டும் பாக்கல?” என்று கேட்பார். ஒருமுறை இரண்டு வாரம் சிவப்பே இல்லை என்று சூளை வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நின்றார். எனக்குச் சிவப்பு மை என்றால் ஒரு பிள்ளையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதற்கான சான்று. நான் ஆசிரியை ஆனதும் முதலில் வாங்கியது சிவப்புப் பேனாதான். ஈப்போவுக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தேன்.

விடைத்தாள்களுக்கு வெறும் மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பிள்ளையின் முழுப்பெயரைப் பெரிதாக, அழகாக எழுதினேன். கீழே இரண்டு வரி. ‘மெய் ஷின், நன்று. நான்காம் கேள்வியை இன்னும் கொஞ்சம் யோசி’ என்பதுபோல. இரண்டு மாலைகள் ஆயின. இருபத்தாறு பெயர்கள், எல்லாம் சிவப்பில்.

தாள்களைக் கொடுத்தபோது வகுப்பு அமைதியானது. அதை மரியாதை என்று நினைத்தேன். மெய் ஷின் மட்டும் தாளின் மேல்பகுதியைப் பெயர் தெரியாதபடி மடித்துக்கொண்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் மிஸஸ் லியோங் என்னை அழைத்தார். மேசைமேல் நான் திருத்திய தாள் ஒன்று இருந்தது. சீனர்களிடையே உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுத மாட்டார்கள் என்றார். எழுதினால் அவருக்குச் சாவு வரட்டும் என்று எழுதுவதாக, அல்லது இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அறுத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள். மெய் ஷினின் அப்பா பத்து நாளாக மூளையில் இரத்தக்கசிவோடு மருத்துவமனையில் கிடக்கிறார். அவள் முழுப்பெயரில் ‘மெய் ஷின்’ என்பதற்கு முன்னால் வருவது அப்பாவின் குடும்பப் பெயர். அதைச் சிவப்பில் எழுதிய தாளை அவள் அம்மா பார்த்திருக்கிறார். மகளை என் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லிவிட்டார். இன்னும் நான்கு பெற்றோர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

“நான் அறிவியல் ஆசிரியை” என்றேன். “மையின் நிறத்தால் யாருக்கும் எதுவும் நடக்காது.”

“நடக்காதுதான்” என்றார் மிஸஸ் லியோங். “மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், நான் வாசிக்கிறேன். கடிதம் இல்லாமல் உங்கள் வேலையை உறுதிசெய்யச் சொல்லி என்னால் பரிந்துரைக்க முடியாது.”

“தெரியாமல் செய்ததற்கா மன்னிப்பு?”

“தெரிந்து செய்திருந்தால் கடிதம் கேட்டிருக்க மாட்டேன். இன்றே அனுப்பியிருப்பேன்.”

எழுத மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டுதான் அறைக்கு வந்தேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவள், எந்தத் தப்பும் செய்யாமல், மன்னிப்பு எழுதித் தர வேண்டுமா? கஸ்தூரியிடம் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“பேர முழுசாவா எழுதின? செவப்புலயா? அலாமாக்” என்றாள், ‘ஐயையோ’ என்பதுபோல. பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “சனிக்கெழம சும்மாதான இருப்ப? எங்க வூட்டுக்கு வா. தம்பி கல்யாணப் பத்திரிகைக்குப் பேரு எழுதணும். ஒன் கையெழுத்து நல்லாருக்கு.”

கஸ்தூரியின் வீடு தெற்கே, தாப்பாவுக்குப் போகும் வழியில், ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் என்றால் முன்பு ரப்பர்த் தோட்டம். மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. செம்பனைக்கு அடியில் வெயில் விழுவதில்லை. காரில் போகும்போது பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மீதி வீடுகளில் இருப்பவர்கள் ஈப்போ தொழிற்சாலைகளுக்கும் தாப்பா கடைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கஸ்தூரியின் தம்பி பிரகாஷ் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன்.

“வாங்க டீச்சர். தமிழ்நாட்டுல இப்படிக் கரண்டு, தண்ணி எல்லாம் இருக்கா?” என்றான் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“டேய், வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்று கஸ்தூரியின் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். “நீ ஒக்காரும்மா. பசியாறியாச்சா?”

தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. வாழையிலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தபோது கூடத்தில் பத்திரிகைகளைக் குவித்திருந்தார்கள். கஸ்தூரி மூலைகளில் மஞ்சள் தடவ ஆரம்பித்தாள். பிரகாஷ் என்னிடம் ஒரு பேனாவை நீட்டினான். உறைமேல் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கறுப்பு மை.

“கறுப்பா?” என்றேன். குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. “நல்ல காரியத்துக்கு யாராச்சும் கறுப்புல எழுதுவாங்களா? என்னா வெளையாட்டு இது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோடு போட்ட அந்த உறையை நான் ஏற்கெனவே இரண்டாகக் கிழித்திருந்தேன்.

எங்கள் ஊரில் கருமாதிப் பத்திரிகைதான் முழுக்கக் கறுப்பில் வரும். படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிடுவோம். வீட்டுக்குள் வைக்க மாட்டோம். ஏன் என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை. நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை.

“டீச்சர் சொல்றது சரிதான். எங்கடா கெடச்சது ஒனக்கு இந்தப் பேனா?” என்று மகனைத் திட்டிவிட்டு, அவன் அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். அதில் இரண்டு பேனாக்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டு பெயர்ப் பட்டியல்கள்.

“இது நம்மாளுங்களுக்கு, செவப்புலயே எழுதும்மா, மங்களமா இருக்கும். இது சீனவங்களுக்கு. கட மொதலாளி தவுக்கே, பிரகாஷோட கூட்டாளிங்க. அவங்களுக்குச் செவப்பு ஆவாது, நீலத்துல போடு.”

“ஒங்களுக்கு இதெல்லாம் யாரும்மா சொன்னது?” என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? பக்கத்துப் பக்கத்துலதான இருக்கோம்” என்றார், நான் ஏதோ சோறு வேகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதுபோல. என் கதை அவருக்குத் தெரியாது. கஸ்தூரி சொல்லியிருக்கவில்லை. அவள் தலை நிமிராமல் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போடவே திணறுவார் என்று கஸ்தூரி சொல்லியிருக்கும் ஒரு பெண்மணி, வீட்டில் இரண்டு பேனா வைத்திருக்கிறார். இவ்வளவு படித்த நான் ஒன்றுதான் கொண்டு வந்திருந்தேன். அன்று மாலைவரை எழுதினேன். நீலப் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் எழுத எனக்கு அதிக நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் மிஸஸ் லியோங், மெய் ஷினின் தந்தை ஞாயிறு அன்று இறந்துவிட்டதாக அறிவித்தார். என் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. நான் தாள் திருத்துவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் விழுந்துவிட்டார். இரத்தக்குழாய் வெடித்தது; மையால் அல்ல. இதை அன்று எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது.  ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர் தன் சிவப்புப் பேனாவை இழுப்பறைக்குள் வைத்தார். அதை நான் பார்த்துவிட்டேன்.

“சாவு வூட்டுக்குப் போவலியா?” என்றாள் கஸ்தூரி அன்று இரவு.

“எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது? அவங்க என்னக் கூப்புடல.”

“சாவுக்கு யாரு டீச்சர் பத்திரிக அடிக்கிறா?”

 கல்யாணத்துக்குச் சொன்னால் போக வேண்டும், சாவுக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்பது என் ஊர் வழக்கமும்தான். மறுநாள் பள்ளி விட்டதும் சாம்பல் நிறச் சுடிதாரோடு கிளம்பினேன். பேருந்தில் மணியை நானே அமுக்கி இறங்கினேன்.

வீட்டின் முன்னால் கூடாரம். வட்ட மேசைகளில் வேர்க்கடலையும் தர்பூசணி விதையும் வைத்திருந்தார்கள். உள்ளே ஊதுவத்திப் புகைக்கு நடுவில் அவர் படம் இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட இளையவர். கைகூப்பி நின்றேன். மெய் ஷினின் அம்மா வெள்ளை உடையில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. ‘வெளியே போ’ என்று சொல்லவும் இல்லை.

கூடாரத்தின் ஓரத்தில் பிள்ளைகள், இறந்தவருக்குப் பணமாகப் போய்ச் சேரும் என்று, தங்கத்தாள்களை மடித்து எரிப்பதற்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெய் ஷின் என்னை வரச்சொல்லித் தலையை அசைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தேன். தப்பாக மடித்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து, மெதுவாக மறுபடி மடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு பத்து இருபது மடித்திருப்பேன்.

“மிஸ், அம்மா என் தேர்வுத்தாளைத் திரும்ப வாங்கி எரித்துவிட்டார்” என்றாள் ஆங்கிலத்தில், வேலையை நிறுத்தாமல்.

“சரிதான்.”

“ஆனால் நான்காம் கேள்வி ஞாபகம் இருக்கிறது. மெழுகுவத்தி எரிந்தால் அது எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்கச் சொன்னீர்கள்.” தாள்கள் எரியும் இரும்புத் தொட்டியைப் பார்த்தாள். “இந்தப் புகைக்கும் எடை இருக்கிறதா?”

“இருக்கிறது” என்றேன். “எதுவும் இல்லாமல் போய்விடுவதில்லை.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. இங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. எழுந்தவர்கள் எல்லோரும் பேசாமல் போனார்கள். நானும் எழுந்தேன். வாசல் மேசையில் ஒரு தட்டு இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு மிட்டாயும் ஒரு துண்டு நூலும் எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டின் தீட்டு வழியிலேயே கழிவதற்காம். எனக்கு எடுக்கக் கை வரவில்லை. தாண்டிப் போகும்போது பின்னால் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். மெய் ஷினின் அம்மா. தட்டிலிருந்து ஒரு மிட்டாயையும் நூலையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

நூல் சிவப்பு. பேருந்து நிறுத்தம்வரை அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நிறுத்தத்தில் நின்ற ஒரு சீன அம்மா சைகை காட்டினார். அங்கேயே விட்டேன். அறை வாசலில் கஸ்தூரி ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தாள்.

மெய் ஷின் என் வகுப்புக்குத் திரும்பவில்லை. அடுத்த பிரிவில்தான் உட்காருகிறாள். அவள் அம்மா முடிவை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற நான்கு பெற்றோரும் கூட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கடிதம் இல்லாமலே தப்பிக்கலாம் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். இறப்பு நடந்த பிறகு யாரும் இதைக் கிளற மாட்டார்களாம்.

நான் எழுதினேன். நான்கு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாம் தடவை வந்தது. மையால் நோய் வராது என்று இப்போதும் நம்புகிறேன் என்று எழுதினேன். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டின் பெயரை நான் எப்படி எழுதக் கூடாதோ அப்படி எழுதினேன். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அலுவலகத்தில் இருந்த சீனக் குமாஸ்தா அதை மாண்டரினில் பெயர்த்துக் கொடுத்தார். முதல் வரியை விட்டுவிடலாமே என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

மிஸஸ் லியோங் இரண்டு முறை படித்தார். “முதல் வரியைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடலாம்” என்றார். “உங்கள் வேலையைக் கூட்டத்துக்குப் பிறகுதான் முடிவு செய்வார்கள். தெரியும் அல்லவா?”

“தெரியும்.”

நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம். நிகழ்ச்சி நிரலை இன்று மதியம் அச்சுக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டினார்கள். மூன்றாவதாக: ‘ஆசிரியையின் கடிதம் – வாசிப்பவர், தலைமையாசிரியர்.’ நான் குமாஸ்தாவிடம் பேனா வாங்கி, கடைசிச் சொல்லை அடித்து, அங்கே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.